சென்னை - லண்டன் 8,230 கி.மீ.: கணக்குப்படி 9 மணி நேரம், டிக்கெட்டில் 11 மணி நேரம்... ஏன்?

சிறுசேரி சிப்காட்டிலோ மறைமலை நகரிலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு லண்டனில் ஆன்சைட் வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே போனை எடுத்து, 'சென்னை டு லண்டன் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?' என்றுதான் தேடுவார். தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். பெரிய பயணிகள் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் 9 மணி நேரம் சொச்சம் வருகிறது.

ஆனால் நேரடி விமானத்தின் டிக்கெட்டைப் பார்த்தால் கதை வேறு. பருவத்தைப் பொறுத்து, போகும்போது சுமார் 11 மணி நேரம்; திரும்பும்போது சுமார் 10 மணி நேரம். துபாய், தோஹா வழியாகப் போனால் 14, 16, 18 என்று ஏறிக்கொண்டே போகும்.

அதே இரண்டு ஊர், அதே தூரம். அப்புறம் நேரம் மட்டும் ஏன் மாறுகிறது? இது பொது அறிவுக் கேள்வி மட்டும் இல்லை. கனெக்டிங் விமானத்தைப் பிடிக்க முடியுமா, விமானம் தாமதமானால் கையில் எவ்வளவு பணம் வரும், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

8,230 கி.மீ. என்பது எந்தப் பாதை?

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் சென்னையையும் லண்டனையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் வரும் கோடு, உண்மையில் குறுக்குவழி இல்லை. பூமி உருண்டை, வரைபடம் தட்டை. உருண்டையைத் தட்டையாக்கும்போது வடக்குப் பகுதிகள் இழுபட்டுப் பெரிதாகிவிடும்.

பள்ளியில் பார்த்த பூகோள உருண்டையில் ஒரு நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். அந்த நூல் போகும் வழிதான் மிகக் குறுகியது. இதைப் 'பெருவட்டப் பாதை' என்பார்கள். விமானங்களைப் பின்தொடரும் செயலிகளில் பாதை வில் போல வளைந்து தெரிவதும் இதனால்தான். விமானம் வளைந்து போகவில்லை. வரைபடம்தான் அப்படிக் காட்டுகிறது.

8,230 கி.மீ. என்பது அந்த நூலின் நீளம். அதாவது, நடுவில் எந்தத் தடையும் இல்லாவிட்டால் பறக்கக்கூடிய குறைந்தபட்சத் தூரம்.

அந்தக் கோட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பும் அந்த நூல் வடமேற்காக மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் போய், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்குள் நுழைகிறது. பிறகு ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலை, ஈரான், காஸ்பியன் கடல், அஜர்பைஜான், ரஷ்யாவின் தென்பகுதி, உக்ரைன், போலந்து - செக் எல்லை, ஜெர்மனி என்று போய் பிரிட்டனை அடைகிறது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். கடந்த சில ஆண்டுகளின் உலகச் செய்தித் தலைப்புகள் மாதிரியே இருக்கும்.

- பாகிஸ்தான்: பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து, 2025 ஏப்ரல் 24 அன்று இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. ஏப்ரல் 30 அன்று இந்தியாவும் பதிலுக்கு மூடியது. அதன்பின் இரு தரப்பும் இந்தத் தடையை மாதா மாதம் நீட்டித்து வந்தன.
- ஆப்கானிஸ்தான்: 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது அங்கே வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சேவை நின்றுபோனது.
- ஈரான்: 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் தாக்குதல் தொடங்கியதும் வான்வெளி மூடப்பட்டது.
- ரஷ்யா: 2022 பிப்ரவரியில் பிரிட்டன் ரஷ்ய விமானங்களைத் தடை செய்ய, மறுநாளே ரஷ்யாவும் பிரிட்டிஷ் விமானங்களைத் தடை செய்தது.
- உக்ரைன்: 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு வானம் மூடிக் கிடக்கிறது.

'மேலே 11 கி.மீ. உயரத்தில்தானே பறக்கிறோம், கீழே சண்டை நடந்தால் என்ன?' என்று கேட்கலாம். 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்த மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரைன் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 298 பேரும் உயிரிழந்தார்கள். குறுக்குவழியை விடச் சுற்றுவழி மேல் என்று விமான நிறுவனங்கள் நினைக்க அந்த ஒரு சம்பவம் போதும்.

ஆகவே விமானங்கள் அரபிக்கடல், வளைகுடா, துருக்கி என்றோ, சவுதி அரேபியா, எகிப்து என்றோ அன்றைய நிலவரத்தைப் பார்த்து வளைந்து போகின்றன. 500 கி.மீ. சுற்றினாலே அரை மணி நேரத்துக்கு மேல் கூடிவிடும். நீண்ட தூரம் பறக்கும் போயிங் 787 ரக விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 5 டன் எரிபொருளைக் குடிக்கும். கூடுதல் எரிபொருள் ஏற்றினால் எடை கூடும். சில நேரம் சரக்கைக் குறைக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு கடைசியில் டிக்கெட் விலையில்தான் வந்து நிற்கும்.

வானத்துக்கு வாடகை உண்டா?

உண்டு. 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்கிறது. அதனால்தான் ஒரு நாட்டால் 'என் வானத்தில் வராதே' என்று சொல்ல முடிகிறது. வர அனுமதித்தால் அதற்குக் கட்டணமும் வாங்க முடிகிறது.

மாமல்லபுரம் கடற்கரையில் நின்று மேலே பார்த்தால், சென்னையில் இறங்காமலேயே கடந்து போகும் விமானங்களும் இருக்கும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் பல விமானங்கள் வங்காள விரிகுடாவையும் தென்னிந்தியாவையும் கடக்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டுவது சென்னையின் வான் கட்டுப்பாட்டு மையம். இந்திய வான்வெளியின் நான்கு பெரிய பிரிவுகளில் சென்னையும் ஒன்று. இந்தச் சேவைக்கு இந்திய விமான நிலைய ஆணையம் கட்டணம் வசூலிக்கிறது. நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி மாதிரிதான். தடுப்புக் கம்பி மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

எல்லை மட்டும்தான் தடையா? மலையும் உண்டு

2019 அக்டோபர் 11 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங், பிரதமர் மோடியைச் சந்திக்க மாமல்லபுரம் வந்தது நினைவிருக்கும். பெய்ஜிங்கிலிருந்து சென்னைக்குப் பெருவட்டப் பாதையில் சுமார் 4,650 கி.மீ. தூரம். அந்தக் கோடு திபெத் பீடபூமியின் கிழக்கு விளிம்பைத் தொட்டுக்கொண்டு வருகிறது. பயணிகள் விமானங்கள் பொதுவாக இந்தப் பீடபூமியைத் தவிர்க்கப் பார்க்கும்.

காரணம், ஆக்சிஜன். பறக்கும்போது கேபினில் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானம் உடனே 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3 கி.மீ. உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கேதான் முகமூடி இல்லாமல் எல்லோரும் மூச்சுவிட முடியும். ஆனால் திபெத் பீடபூமியின் சராசரி உயரமே சுமார் 4.5 கி.மீ. இறங்க இடம் இல்லை. அதனால் கொஞ்சம் சுற்றினாலும் பரவாயில்லை என்று தெற்கு, கிழக்குப் பக்கமாகப் போவார்கள்.

போகும்போது 11, வரும்போது 10 ஏன்?

இதற்குக் காற்றுதான் காரணம். சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், நடு அட்சரேகைப் பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஆறு போல ஓடுகிறது. இதுதான் 'ஜெட் ஸ்ட்ரீம்'. குளிர்காலத்தில் இதன் வேகம் இன்னும் கூடும். லண்டன் போகும் விமானம் இதை எதிர்த்துப் போகிறது. திரும்பும் விமானத்தை இது பின்னாலிருந்து தள்ளிவிடுகிறது.

ஒரு எளிய கணக்கு. வழி முழுக்கச் சராசரியாக மணிக்கு 50 கி.மீ. காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 850, திரும்பும்போது 950. 8,230-ஐ இவற்றால் வகுத்தால், போக 9 மணி 40 நிமிடம். வர 8 மணி 40 நிமிடம். ஒரு மணி நேர வித்தியாசம் இங்கேயே வந்துவிட்டது.

ஆனால் நம்ம ஊர் வானம் மழைக்காலத்தில் வேறு மாதிரி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மிக உயரே, கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று வீசும். இதை 1950-களில் ஆராய்ந்து எழுதியவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி.கோட்டீஸ்வரம். பயணிகள் விமானங்கள் பறப்பதை விடக் கூடுதல் உயரத்தில்தான் அதன் மையம் இருக்கும். என்றாலும் அந்த மாதங்களில் மேற்கே போகும் விமானத்துக்குத் தொடக்கத்தில் அதனால் கொஞ்சம் உதவி கிடைக்கும். வடக்கே போகப் போக மறுபடி எதிர்க்காற்றுதான். பல்லவர் காலத்தில் மாமல்லபுரத்திலிருந்து கடல் கடந்து போனவர்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்தார்கள். இன்றும் காற்றைப் பார்த்துத்தான் விமானத்தின் அன்றாடப் பாதையை முடிவு செய்கிறார்கள்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதைக் குறிக்கிறது?

அது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் சென்னை முனையத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, லண்டனில் முனையத்துக்கு வந்து நிற்கும் வரை உள்ள மொத்த நேரம். இதை 'பிளாக் டைம்' என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, ஹீத்ரோ மாதிரி நெரிசலான விமான நிலையத்தில் இறங்கும் முன் வட்டமடிப்பது எல்லாம் இதில் அடங்கும். எதிர்க்காற்றோடு சேர்த்து வந்த 9 மணி 40 நிமிடத்தோடு, சுற்றுவழியையும் இதையும் கூட்டினால் 11 மணி நேரம் வந்துவிடும்.

இன்னொரு குழப்பம், நேர மண்டலம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். காலை 6 மணிக்குக் கிளம்பி 11.30-க்குப் போய்ச் சேரும் என்று இருந்தால், 'அஞ்சரை மணி நேரம்தானா!' என்று சந்தோஷப்படக் கூடாது. குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட 5.30 மணி நேரம் பின்னால் இருக்கும். ஆக மொத்தம் 11 மணி நேரம். கோடைக்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் வித்தியாசம் 4.30 மணி நேரம்தான்.

தூரம் பாதியானால் நேரமும் பாதியாகுமா?

ஆகாது. இதற்கு நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையம் சுமார் 355 கி.மீ.; கொழும்பு சுமார் 650 கி.மீ. ஆனால் இரண்டுக்குமே அட்டவணையில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கும். கொழும்புக்கு ஜெட் விமானம் போகிறது. யாழ்ப்பாணத்துக்குப் போவது ஏ.டி.ஆர். எனும் சிறிய, விசிறி வைத்த விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்படும் வரை, சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக கொழும்பில் இறங்கி, அங்கிருந்து கிட்டத்தட்ட 400 கி.மீ. வடக்கே வர வேண்டும். வரைபடத்தில் அதே 355 கி.மீ.தான், போரும் அதன் பின்விளைவுகளும் அதை ஒரு முழு நாள் பயணமாக்கி வைத்திருந்தன.

துபாய் வழியாகப் போனால் பெரிய சுற்றா?

தூரத்தில் இல்லை. சென்னை - துபாய் சுமார் 2,930 கி.மீ.; துபாய் - லண்டன் சுமார் 5,500 கி.மீ. மொத்தம் 8,430. நேரடிப் பாதையை விட 200 கி.மீ.தான் அதிகம். தோஹா வழியாக என்றால் சுமார் 8,500.

நேரம் போவது தரையில். இரண்டு முறை ஏறி இறங்குவது, நடுவில் காத்திருப்பது என்று 4 முதல் 8 மணி நேரம் கூடிவிடும். பதிலுக்குக் கட்டணம் குறையலாம். அடிக்கடி விமானமும் கிடைக்கும்.

ஆனால் இதில் ஒரு ரிஸ்க் உண்டு. நேரடி விமானத்தின் வழியில் ஒரு நாட்டின் வான்வெளி மூடினால் விமானம் சுற்றிப் போகும். நாம் மாறி ஏற வேண்டிய ஊரே மூடினால் பயணமே நின்றுவிடும். 2025 ஜூன் 23 அன்று கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது, கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. அந்தச் சில மணி நேரத்துக்கே உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பயணிகளின் திட்டம் தலைகீழானது.

இங்கே கவனிக்க வேண்டியது உங்கள் பி.என்.ஆர். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைவு என்று இரண்டையும் தனித்தனியாக எடுத்திருந்தால், அந்த நஷ்டம் உங்களுடையது.

அமெரிக்காவுக்கு நேரடியாகப் போக முடியாதா?

தொழில்நுட்பத்தில் தடை இல்லை. சென்னை - சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,900 கி.மீ. கிட்டத்தட்ட இதே தூரமுள்ள பெங்களூரு - சான் பிரான்சிஸ்கோ நேரடிச் சேவையை ஏர் இந்தியா 2021 ஜனவரியில் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த முதல் விமானத்தை, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே வட துருவப் பகுதி வழியாக ஓட்டி வந்தார்கள். சிங்கப்பூர் - நியூயார்க் விமானம் 15,300 கி.மீ.க்கும் மேல் பறக்கிறது. இவ்வளவு நீண்ட சேவைக்கு, அதிகக் கட்டணம் கொடுக்கும் பயணிகள் ஆண்டு முழுக்க வர வேண்டும். அதற்கேற்ற விமானமும் திறந்த வானமும் வேண்டும். நிறுவனங்கள் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.

தாமதமானால் பணம் கிடைக்குமா?

இங்கேதான் தூரமும் நேரமும் நேரடியாக ரூபாயாக மாறுகின்றன. பிரிட்டன் தூரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. இந்தியா நேரத்தை வைத்து.

பிரிட்டன் சட்டப்படி, 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் இழப்பீடு 520 பவுண்டு; 3 முதல் 4 மணி நேரம் என்றால் அதில் பாதி. தூரத்தைப் பெருவட்டப் பாதையில்தான் அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் எல்லா நிறுவனங்களின் விமானங்களுக்கும், பிரிட்டனுக்கு வரும் பிரிட்டிஷ், ஐரோப்பிய நிறுவன விமானங்களுக்கும் இது பொருந்தும். அதாவது, சென்னையிலிருந்து பிரிட்டிஷ் நிறுவனத்தில் ஏறினாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால் 'பிளாக் டைம்' பார்த்து இழப்பீடு: ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. வெறும் தாமதத்துக்குப் பணம் கிடையாது. சாப்பாடு, 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் திரும்ப என்பவை உண்டு.

ஒரு முக்கியமான விதிவிலக்கு: போர், வான்வெளி மூடல், மோசமான வானிலை ஆகியவை 'அசாதாரணச் சூழ்நிலை'. அப்போது இரண்டு நாட்டிலுமே இழப்பீடு கிடைக்காது. ஆனால் பிரிட்டன் விதி பொருந்தும் பயணத்தில், அப்போதும் சாப்பாடு, தங்குமிடம், மாற்று விமானம் தர வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. கவுன்ட்டரில் கேட்டு வாங்குங்கள்; ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

செங்கல்பட்டிலிருந்து கணக்கிட்டால்?

கூகுள் சொல்லும் நேரம் விமான நிலையத்திலிருந்து தொடங்குகிறது. நம் பயணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. செங்கல்பட்டிலிருந்து புறநகர் ரயிலில் வந்தால் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலத்தில் இறங்கலாம். சுமார் ஒரு மணி நேரம். மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. ஏறத்தாழ 50 கி.மீ. சாலையில்தான் வர வேண்டும்.

சர்வதேசப் பயணத்துக்கு 3 மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். அதிகாலை 5, 6 மணி விமானம் என்றால் இரவு 2, 3 மணிக்கே அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ரயில் ஓடாது. டாக்ஸிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அல்லது முதல் நாள் இரவு கடைசி ரயிலிலேயே வந்துவிட வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து சாலையில் ஒன்றரை மணி நேரம், விமான நிலையத்தில் 3, விமானத்தில் 11, ஹீத்ரோ குடிவரவு வரிசையில் ஒன்று என்று வைத்தால், 9 மணி நேரம் என்று தொடங்கிய கணக்கு பதினாறரை மணி நேரத்தில் வந்து நிற்கிறது.

டிக்கெட் போடும் முன் பார்க்க வேண்டியவை:

- தூரத்தைப் பார்க்காதீர்கள். மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள். நேர மண்டல வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள்.
- மாறி ஏறுவதாக இருந்தால் ஒரே பி.என்.ஆர். எடுங்கள். நடுவில் குறைந்தது 3 மணி நேரம் இடைவெளி வைப்பது நல்லது.
- வழியில் எந்தெந்த நாடுகள் இருக்கின்றன என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் வாரம் அந்தப் பெயர்கள் செய்தியில் வந்தால், நிறுவனத்தின் செயலியை அடிக்கடி பாருங்கள்.
- வேலையில் சேருவது, தேர்வு, விசா நேர்காணல் போன்றவை இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள்.

சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே உள்ள 8,230 கி.மீ. நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். அதை 10 மணி நேரத்தில் கடப்போமா, 12 மணி நேரத்திலா என்பது அன்றைய காற்றையும், எந்த நாட்டின் வானம் திறந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது.